முக்காடு தனி விலை

குடம் வாங்கப் போனால் மூடிக்குத் தனி விலை சொல்வார்கள். இது ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதற்காக யாரும் கடைக்காரரோடு சண்டைக்குப் போவதில்லை. நானும் போனதில்லை. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், போலீசார் எழுதிக் கொண்டுவந்திருக்கிற காகிதத்தில் பதினெட்டு ரூபாய் என்று ஒரு தொகை இருக்கிறது. அது சரியில்லை. எப்படிச் சரியில்லை என்பதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

யாராவது அடித்தார்களா, மிரட்டினார்களா என்று மாஜிஸ்திரேட் ஐயா கேட்டீர்கள். இல்லை. இன்ஸ்பெக்டர் கருணாகரன் இரண்டு வேளையும் சாப்பாடு வரவழைத்தார், படுக்கப் பாய் கொடுத்தார். நான்தான் படுக்கவில்லை. எனக்கு எப்போதுமே கால் ஒரு இடத்தில் தரிக்காது. இப்போதும் ஐயா உத்தரவு கொடுத்தால் நின்றுகொண்டே சொல்கிறேன். குமாஸ்தா எழுதுவதற்குத் தோதாக நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன்.

என் பெயர் அல்போன்ஸ். தகப்பனார் ராஜநாயகம், கோயிலில் மணி அடித்து, விளக்கேற்றி, அந்த வேலையிலேயே காலமானவர். எனக்கு வயது முப்பத்தெட்டு. சாந்தோமில் குடியிருக்கிறோம். வீட்டு முன்னறைதான் என் போட்டோ ஸ்டூடியோ. மனைவி ஐரின், பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். எங்களுக்கு ஒரே பெண், ஆலிஸ். போன டிசம்பரில் அவளுக்கு ஆறு வயது முடிந்தது.

நாற்பத்தைந்தில் சண்டை முடிந்ததும் வெள்ளைக்கார ஆபீசர்கள் மூட்டை கட்டினார்கள். கடிகாரம், கிராமபோன், காமிரா என்று எல்லாவற்றையும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கப்பல் ஏறினார்கள். அந்தச் சாமான்கள் பல கை மாறி தியாகராய நகரில் பனகல் பார்க் பக்கத்துக் கடைகளுக்கு வந்தன. அதில் ஒரு கடை சுயம்புலிங்கத்துடையது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். பரம்பரையாகப் பாத்திர வியாபாரம். கடையில் ஒரு பக்கம் பித்தளைக் குடமும் அண்டாவும் அடுக்கியிருக்கும். இன்னொரு பக்கம் கண்ணாடி அலமாரியில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன சாமான்கள்.

அங்கேதான் என் காமிராவைப் பார்த்தேன். ஜெர்மன் சாமான். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கண் வைத்தது. அதுவரை நான் தகப்பனார் காலத்து மரக் காமிராவை வைத்துக்கொண்டு கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். விலையைப் பேசி முடித்து, தோல்பையைத் திறந்து பார்த்தால் உள்ளே வெல்வெட்டில் வட்டமாக ஒரு பள்ளம், காலியாக. இங்கே என்ன இருந்தது என்று கேட்டேன். சுயம்புலிங்கம் அலமாரியைத் திறந்து, இரண்டு விரல் அகலத்தில் கறுப்பாக ஒரு தகர வளையத்தை எடுத்துக் காட்டினார். வெள்ளைக்காரன் அதற்கு ஹூட் என்று பெயர் சொன்னானாம். இவர் முக்காடு என்றார். வெயிலில் பார்க்கும்போது நாம் புருவத்துக்கு மேல் கையை வைத்துக்கொள்வோமே, அந்த வேலைதான். லென்சுக்கு முன்னால் மாட்டினால் பக்கத்து வெளிச்சம் கண்ணாடியில் விழாது. விலை பதினெட்டு ரூபாய் என்றார்.

காமிராவோடு வந்தது காமிராவோடு போகவேண்டியதுதானே என்றேன்.

"கொடம் வேற, மூடி வேற தம்பி. எங்க அய்யா காலத்திலேருந்து இப்படித்தான் விக்கோம்."

பொய் சொல்வானேன், என் சட்டைப்பையில் இன்னும் இருபது ரூபாய் இருந்தது. கொடுத்திருக்கலாம். ஆனால் ஒரே பையில் ஒரே கப்பலில் வந்த சாமானைப் பிரித்து வைத்து விற்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே சொன்னது இன்னும் எரிச்சலாக இருந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

எனக்குப் பிழைப்பு முக்கால்வாசி அடக்கப் படத்தில். ஐயாவுக்கு இது பழக்கமிருக்காது. எங்கள் ஜனங்களில் ஒருவர் இறந்தால், பெட்டியை மூடுவதற்கு முன்னால் கொஞ்சம் சாய்த்து நிறுத்தி, சுற்றிலும் உறவுக்காரர்கள் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். கொழும்பிலும் ரங்கூனிலும் இருக்கிற பிள்ளைகள் முகம் பார்க்க வரமுடியாது, அவர்களுக்கு அந்தப் படத்தைத்தான் அனுப்புவது. பல பேருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அதுவாகத்தான் இருக்கும். கல்யாணப் படம் கெட்டுப்போனால் மாப்பிள்ளை பெண்ணை மறுபடி நிற்கவைக்கலாம். இதில் அது முடியாது.

புதுக் காமிராவோடு முதல் அடக்கத்துக்குப் போய்வந்த அன்று எனக்கு உட்கார முடியவில்லை. மரக் காமிராவில் படம் எடுக்கும்போது துணிக்குள் தலைகீழாகத் தெரிகிற முகம், யாரோ என்றிருக்கும். இதில் குனிந்து பார்த்தால் இறந்தவர் நேராக நின்று நம்மைப் பார்க்கிறார். முன்னறைக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஐரின் கவனித்துவிட்டாள். மறுநாள் கோயிலிலிருந்து ஒரு சின்னப் புட்டியில் மாதா விளக்கு எண்ணெய் வாங்கிவந்தாள். மந்திரித்த எண்ணெய். காய்ச்சல் வந்த பிள்ளையின் நெற்றியில், புதுத் தையல் மிஷினில், நிலைக்கதவில், ரிக்‌ஷா சக்கரத்தில்கூட நாங்கள் அதைக் கட்டைவிரலில் தொட்டுச் சிலுவை போடுவோம்.

"செத்தவங்களப் பாத்த காமிராங்க. அப்படியே வூட்டுக்குள்ள கொண்டாறீங்க. கொழந்த இருக்கிற எடம்," என்றாள். ஒவ்வொரு அடக்கத்துக்கும் முன்னால் காமிராவின் கண்ணாடியில் ஒரு சிலுவை போட்டுத் துடைத்துவிடச் சொன்னாள். நானும் அப்படியே செய்துவந்தேன். குமாஸ்தா இதை எழுதிக்கொள்ளவும். கைக்குட்டையால் துடைத்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு எனக்கும் மனம் கொஞ்சம் அடங்கியது.

படத்தில் வெள்ளை விழ ஆரம்பித்தது அதற்குப் பிறகு வந்த அடக்கங்களில். முதலில் தபால்காரர் பவுல்சாமியின் படம். சுற்றி நின்றவர்கள் வேட்டிக் கரையெல்லாம் சுமாராக விழுந்திருக்கிறது, நடுவில் பெட்டிக்குள் அவர் முகத்தின்மேல் மட்டும் வெள்ளையாக ஒரு படலம். மூக்கு நுனி தெரிந்தது. நான் பயந்துகொண்டே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சம்சாரம் ஆனியம்மாள் அதைப் பார்த்துவிட்டு, ஆத்துமம் பிரிந்து போவது படத்தில் விழுந்திருக்கிறது என்று முத்தமிட்டார். கொழும்புக்கு அனுப்ப இன்னும் இரண்டு காப்பி கேட்டார். நான் போட்டுக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவா முடியும்.

ஆனால் எனக்கு அது ஆத்துமம் இல்லை என்று தெரியும். அடுத்த அடக்கத்திலும் வெள்ளை. அதற்கடுத்ததிலும். கல்யாணப் படங்கள் மட்டும் பளிச்சென்று வந்தன. யோசித்துப் பார்த்தேன். கல்யாணம் காலைப் பூசை முடிந்து எடுப்பது, வெயில் என் முதுகுக்குப் பின்னால். அடக்கம் சாயங்காலம். கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைக் கிழக்கே பார்க்க நிறுத்துவார்கள். நான் மேற்கே பார்த்து நிற்கவேண்டும். சாய்ந்த வெயில் நேரே கண்ணாடியில் விழும். ஆகவே ஹூட் இல்லாததுதான் காரணம். நியாயமாகப் பார்த்தால் யாரும் இந்த முடிவுக்குத்தான் வருவார்கள்.

மறுபடி பனகல் பார்க்குக்குப் போனேன். சுயம்புலிங்கம் என்னை மறக்கவில்லை. "வாங்க தம்பி, முக்காடு உங்களையே பாத்துக்கிட்டுல்லா இருக்கு," என்றார். பதினைந்துக்குத் தருகிறேன் என்றார். மூன்று ரூபாய் குறைக்க முடிகிறதென்றால் முதலில் சொன்ன விலை அநியாய விலைதானே. அதை அவரிடமே சொன்னேன். அவர் பெரிதாகச் சிரித்தார். நான் வாங்காமல் வந்தேன்.

அதற்குப் பிறகு இதே வேலையாகப் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை, மூன்று தடவை சாந்தோமிலிருந்து நடப்பேன். கச்சேரி ரோடு, தெப்பக்குளம், லஸ், ஆழ்வார்ப்பேட்டை, தேனாம்பேட்டை, அங்கிருந்து பனகல் பார்க். பார்க் கம்பியோரம் நின்று பார்த்தால் கடைக்குள் அலமாரி தெரியும். கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஹூட் இருக்கும். யாராவது வாங்கிக்கொண்டு போய்விட்டால் என் தொல்லை விடும் என்று நினைப்பேன். ஆனால் அது என் காமிராவுக்கு மட்டும்தான் பொருந்தும், வேறு யார் வாங்குவார்கள். அது இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பி நடப்பேன். வீட்டுக்கு வந்ததும், சரியாகப் பார்த்தோமா என்றிருக்கும். செருப்பு வாரத்துக்கு ஒரு தடவை அறுந்தது.

ஆலிஸுக்கு அந்தக் காமிரா என்றால் உயிர். மேல்மூடியைத் திறந்து வைத்தால் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். அதில் எல்லாம் இடம் வலமாகத் தெரியும். வாசலில் பஸ் போனால், "அப்பா, பஸ்ஸு வந்த வழியே திரும்பிப் போவுதுப்பா," என்று சிரிப்பாள். என்னை ஒரு படம் எடுப்பா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பிலிம் கிடைப்பதே கஷ்டம், கிடைத்ததைக் காசு கொடுக்கிறவர்களுக்கு வைத்திருப்பேன். அடுத்த ஞாயிறு என்பேன். பிறகு கிறிஸ்துமஸுக்கு என்றேன். பிறகு, புதுநன்மைக்கு, அதாவது பிள்ளைகள் முதல்முதலாக நற்கருணை வாங்குகிற பூசைக்கு, வெள்ளைக் கவுன் தைப்போமே, அதைப் போட்டுக்கொண்டு நின்றால் அழகாக இருக்கும், அப்போது எடுக்கலாம் என்றேன். அவளும் சரி என்றாள்.

ஜனவரியில் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் போய்விட்டாள். பாதி தைத்த கவுனை ராத்திரியோடு ராத்திரியாக ஐரின் தைத்து முடித்தாள். அதைப் போட்டுத்தான் பெட்டியில் வைத்தோம்.

லஸ்ஸில் ஸ்டூடியோ வைத்திருக்கிற சர்தார் அடக்கத்துக்கு வந்திருந்தார். நீங்கள் நில்லுங்கள், நான் எடுக்கிறேன் என்று தன் காமிராவைக் கையோடு கொண்டுவந்திருந்தார். நான் விடவில்லை. என் பிள்ளையை நான்தான் எடுப்பேன் என்றேன். கல்லறைத் தோட்டத்து மதிலோரம் போய்ப் புட்டியைத் திறந்தேன். மற்றவர்களுக்கு ஒரு சிலுவை. அவளுக்கு ஒன்று போதும் என்று தோன்றவில்லை. மூன்று போட்டேன். துடைக்கவும் மனம் வரவில்லை, கைக்குட்டையால் சும்மா ஒற்றி எடுத்தேன். நான்கு படம் எடுத்தேன்.

நான்கையும் அன்றே கழுவினேன். இருட்டறையில் தட்டுக்குள் காகிதம் கிடக்கிறது, ஓரத்தில் சனங்கள் வருகிறார்கள், ஐரினின் கை வருகிறது, கவுனின் கீழ்மடிப்பு வருகிறது. நடுவில் வெள்ளை. இன்னும் கொஞ்சம் விட்டுப் பார்த்தேன். ஓரமெல்லாம் கறுத்துப்போனதே தவிர நடுவில் வெள்ளை அப்படியே இருந்தது.

ஐரினிடம் காட்டாமல் இருக்க முடியவில்லை. அவள் ஜன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கம்கூடப் பார்த்தாள்.

"ஏங்க, எம் பொண்ணு மூஞ்சி எங்க?"

எட்டு நாள் அவள் என்னிடம் பேசியது அது ஒன்றுதான். கோபமாகக் கேட்டாலும் பரவாயில்லை. பள்ளிக்கூடத்தில் தொலைந்துபோன பென்சிலைக் கேட்கிற மாதிரி, எங்கேயோ வைத்துவிட்டேன், எடுத்துக்கொடுப்பேன் என்கிற மாதிரி கேட்பாள். காலையில் கேட்பாள், பள்ளிக்கூடம் விட்டு வந்து கேட்பாள். நான் முன்னறைக்கும் அடுப்படிக்குமாக நடப்பேன். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. எனக்கு இந்த உலகத்தில் வேண்டியதெல்லாம் அவள் அந்தக் கேள்வியை நிறுத்தவேண்டும், பழையபடி என்னைப் பார்க்கவேண்டும். வேறொன்றும் இல்லை.

ஒன்பதாம் நாள் ஹூட்டைப் பற்றிச் சொன்னேன். அது இல்லாததால்தான் வெள்ளை விழுகிறது, கடைக்காரர் அதைத் தராமல் பிரித்து வைத்துக்கொண்டார் என்றேன். பதினைந்துக்குத் தருகிறேன் என்று அவர் சொன்னதைச் சொல்லவில்லை.  ஐரின் காதிலிருந்து கம்மலைக் கழற்றினாள். அது அவள் தாயார் போட்டது. இதைக் கொடுத்து வாங்கிவாருங்கள், இன்னொரு தாய் இப்படிக் கேட்கக்கூடாது என்றாள். அதோடு விட்டிருந்தால் எல்லாம் நன்றாகவே முடிந்திருக்கும்.

"திங்கக்கெழம ஸ்கூல் விட்டதும் நானும் அந்தக் கடைக்குப் போறேங்க. காமிரா விக்கிறவருக்குத் தெரியாததா? இந்த நெகடிவ்ல மூஞ்சிய வரவழைக்க முடியுமான்னு ஒரு வார்த்த கேட்டுட்டு வரேன்," என்றாள்.

அது வெள்ளிக்கிழமை. அவர் என்ன சொல்வாரோ, பதினைந்து ரூபாய்க்கு நான் வாங்காமல் போனதைச் சொல்லிவிடுவாரோ என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சனிக்கிழமை மத்தியானமே கம்மலையும் காமிராவையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இரண்டு மணி இருக்கும். கடையில் ஒரு கதவைச் சாத்தி, ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார். சாப்பிட்டு முடித்து விசிறிக்கொண்டிருந்தார். வழக்கம்போல முக்காடு என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். நான் விஷயத்தைச் சொல்லிக் கம்மலை மேஜையில் வைத்தேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஆறு வயசா? அட பாவமே. இத வச்சிக்கிட்டு நான் என்ன செய்யப் போறேன்? தங்கச்சி காதுல போடச் சொல்லுங்க."

அலமாரியைத் திறந்து ஹூட்டை எடுத்தார். தோளில் கிடந்த துண்டால் தூசியைத் துடைத்தார். இதை அன்றைக்கே கொடுத்திருக்கவேண்டும், சும்மா கொண்டுபோங்கள் என்றார். ஆகவே, ஐயா, பதினெட்டு ரூபாய்க்காக என்பதும் திருட்டு என்பதும் சரியில்லை. ஹூட் எனக்குச் சும்மா கிடைத்தது.

தானே மாட்டிக் கொடுக்கிறேன் என்று காமிராவை வாங்கினார். திறந்திருந்த கதவுப் பக்கம் போய், வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் சாய்த்தார். கண்ணாடியில் இது என்ன என்று கேட்டார். சாய்வாகப் பார்த்தால் சிலுவை தெரிந்தது. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தது. நான் எண்ணெயைப் பற்றிச் சொன்னேன். மறைக்க அதில் என்ன இருக்கிறது.

அவர் கடிகாரம் துடைக்கிற ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுக் கண்ணாடியைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பஞ்சு மஞ்சளாக இருந்தது.

"வெயிலு இல்ல தம்பி. இதுதான் வெள்ளையடிச்சிருக்கு. முக்காடு இருந்தாலும் இப்படித்தான் விழுந்திருக்கும்."

எனக்குக் கோபம் வரவில்லை. இதை ஐயா நம்பவேண்டும். நான் பொறுமையாகத்தான் பேசினேன். திங்கட்கிழமை என் மனைவி வருவாள், ஹூட் இல்லாததால்தான் என்று மட்டும் சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவையும் கேட்டேன். காலில் விழட்டுமா என்றுகூடக் கேட்டேன்.

"பெத்தவ வந்து கேட்டா நான் எப்படித் தம்பி பொய் சொல்லுவேன்? எனக்கும் ரெண்டு பொட்டப்பிள்ள இருக்கு. தெரியாமச் செஞ்சதுதானே, நானே பக்குவமா எடுத்துச் சொல்லுதேன். ஒரு நாளு அழுவா. பொறவு தெளிஞ்சிருவா."

நல்ல மனிதர்தான். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம். ஹூட்டைச் சுற்றிக் கொடுக்கப் பழைய காகிதம் தேடிப் பாத்திரப் பக்கம் திரும்பினார். பித்தளை நிறுக்கிற தராசுக்குப் பக்கத்தில் ஐந்து சேர் எடைக்கல் இருந்தது. அதை எடுத்தேன். இரண்டு தடவை. அவர் சத்தம் போடவில்லை. விழும்போது ஒரு குடத்தைத் தட்டிவிட்டார், அது உருண்டது. எடுத்து நேராக வைத்தேன். மூடி கொஞ்ச தூரம் போயிருந்தது. அதையும் எடுத்துக் குடத்தின்மேல் வைத்தேன். கம்மலை எடுத்துக்கொண்டேன். ஹூட்டைக் காமிராவில் மாட்டினேன். பொருத்தமாக உட்கார்ந்தது. வெளியே வந்து இன்னொரு கதவையும் சாத்தினேன்.

திரும்பி வரும்போது தெப்பக்குளப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். உட்கார முடிந்தது. அது எனக்கே புதிதாக இருந்தது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பொரி விற்கிறவரிடம் காலணாவுக்குப் பொரி வாங்கித் தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஐரினை வாசலில் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தேன். ஹூட்டோடு எடுத்த முதல் படம். ஈரம் காய்வதற்கு முன்பே கையில் கொடுத்தேன். கண்ணிமை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. காதில் கம்மல் தெரிந்தது. அவள் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். இது அன்றைக்கு இருந்திருந்தால் என் பிள்ளை முகமும் இப்படித்தானே விழுந்திருக்கும் என்று சொல்லி, அன்றைக்குத்தான் முதல்முதலாக வாய்விட்டு அழுதாள். என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். ஆமாம் என்றேன். பார்த்தாயா, நான் சொன்னேனே என்றேன். அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

ஆனால் சாயங்காலம் வேறொன்று ஆரம்பித்தாள். பதினெட்டு ரூபாய்ச் சாமானைச் சும்மா கொடுத்தாரே, எவ்வளவு பெரிய மனசு, நாளைக்குப் போய் ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். மூன்று தடவை சொன்னேன். அதற்கு மேல் சொன்னால் சந்தேகப்படுவாள். ராத்திரியெல்லாம் நடந்தேன்.

திங்கட்கிழமை அவள் கடை வாசலுக்குப் போனபோது போலீஸ் நின்றது. என்ன ஏது என்று தெரியாமல், சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரருக்கு இந்தக் கடைக்காரர் ஹூட் கொடுத்தார், நன்றி சொல்ல வந்தேன் என்று இன்ஸ்பெக்டர் கருணாகரனிடமே சொல்லியிருக்கிறாள். என்னை யாரும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. சுயம்புலிங்கத்தின் சம்சாரம் மீனாட்சி அம்மாள் அன்றைக்கு அங்கே இருந்தாராம், ஐரின் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். சுயம்புலிங்கத்தின் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் தகப்பனார் படம் இருக்கும் என்று நினைக்கிறேன். காமிரா விற்ற வீடு.

ஏன் செய்தாய் என்று ஐயா கேட்டதற்கு என் பதில் இதுதான். ஐரினுக்காகச் செய்தேன். எண்ணெய் அவள் கொடுத்தது. கண்ணாடியில் போடச் சொன்னதும் அவள். தன் கையால் கொடுத்த எண்ணெய்தான் தன் பிள்ளை முகத்தை அழித்தது என்று தெரிந்தால் அவள் உயிரோடு இருப்பாளா? அந்த மனிதர் சொல்லித் தீருவேன் என்றார். ஒரு தாயைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை. வருத்தம் உண்டு. ஆனால் நியாயமாகப் பார்த்தால் வேறு யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

இவ்வளவுதான்.

குமாஸ்தா வாசித்துக் காட்டினார். நன்றாக எழுதியிருக்கிறார், நான் சொன்னபடியே இருக்கிறது. கையெழுத்துப் போடலாம். ஆனால் ஐயா, ஒரு இடத்தில் மட்டும் ஒரு திருத்தம் வேண்டும். எழுதியது அவர் தப்பில்லை, நான் அப்படித்தான் சொன்னேன். ஐரின் புட்டி கொண்டுவந்த இடம். கண்ணாடியில் சிலுவை போடச் சொன்னாள் என்று இருக்கிறது. அவர் அதை உரக்கப் படித்தபோது என்னவோ போலிருந்தது. ஐரினையும் கூப்பிட்டுக் கேட்பீர்கள், அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

அவள் சொன்னது இது. "தோல் பை மேல போடுங்க. கண்ணாடில பட்டுடாமப் பாத்துக்குங்க, எண்ணெ பிசுக்கு எதயும் மறைச்சிடும்." மூன்றாம் வகுப்பு டீச்சர், பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி இரண்டு தடவை சொன்னாள். நான் கேட்கவில்லை. தோலில் போட்டால் எனக்குப் பயம் அடங்கவில்லை, இறந்தவர்களைப் பார்ப்பது கண்ணாடிதானே என்று கண்ணாடியில் போட்டேன். சுயம்புலிங்கம் சொல்லியிருந்தால் ஐரின் தன்னை நொந்துகொண்டிருக்க மாட்டாள். திரும்பி என்னைத்தான் பார்த்திருப்பாள்.

அந்த வரியை அடித்துவிட்டு இதை எழுதச் சொல்லுங்கள். எழுதட்டும், நான் நின்றுகொண்டிருக்கிறேன்.